பதினொன்றாம் வாய்ப்பாடு

சிவகாசியில் காலண்டர் தொழிலுக்குப் புது வருடம் ஜனவரியில் பிறப்பதில்லை, ஆடிப்பெருக்கில் பிறக்கிறது. அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடும் நாள் அது. ஏஜென்டுகள் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டுதான் ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கப் போவார்கள். அதனால் சித்திரை தொடங்கி ஆனி முடிய, ஊரிலுள்ள டிடிபி சென்டர்களில் முருகனும் லட்சுமியும் வெங்கடாசலபதியும் ராத்திரி பகலாக மானிட்டரில் நின்றுகொண்டிருப்பார்கள். ஒரு பார்ட்டிக்கு மயிலின் கழுத்து இன்னும் பச்சையாக வேண்டும். இன்னொரு பார்ட்டிக்குப் பின்னணியில் அருவி வேண்டும். மூன்றாவது பார்ட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, முதலில் இருந்ததே நன்றாக இருந்தது என்பார்.

இந்தச் சாமி படங்களின் எடை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. 20க்கு 30 அங்குலத் தாள், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 6,000க்கு 9,000; ஆக 5 கோடியே 40 லட்சம் புள்ளிகள். அச்சுக்கு நான்கு நிறம் என்பதால் புள்ளிக்கு 4 பைட். ஒரே லேயராக இருந்தாலே படம் 200 எம்பியைத் தாண்டிவிடும். மயில் தனி லேயர், ஒளிவட்டம் தனி லேயர், அருவி தனி லேயர் என்று வைத்தால் கணக்கு எங்கோ போகும். 2004இல் ஊரில் நல்ல மிஷின் என்று பெயரெடுத்தவற்றிலேயே 256 எம்பி ராம்தான் இருந்தது. ராமில் இடம் போதாமல் ஃபோட்டோஷாப் ஹார்ட் டிஸ்க்கை உருட்டிக்கொண்டே இருக்கும். டிசைனர்கள் படத்தைத் திருப்பச் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய் வருவார்கள்.

நான் அந்தக் காலத்தில் ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை கிடையாது. ஒரு தோள்பை, அதில் ஸ்க்ரூ டிரைவர், பிரஷ், தெர்மல் பேஸ்ட், ஒரு பழைய பிசிஐ டிஸ்பிளே கார்டு, சில ஃப்ளாப்பிகள். கூப்பிட்ட இடத்துக்குச் சைக்கிளில் போவேன். என்னைக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் மிஷின் ஓடவில்லை என்று கூப்பிட்டவர்கள். மீதிப் பேர், ஓடுகிற மிஷின் ஏன் இப்படி ஓடுகிறது என்று கேட்கக் கூப்பிட்டவர்கள். சுவாரசியமான வேலை இரண்டாவது வகையில்தான் கிடைக்கும்.

வைகாசியில் ஒரு நாள் டிடிபி சென்டர் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். போனபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

“தம்பி, புது மிஷின் பழசுக்குத் தம்பியா இருக்கும்னு பாத்தா தாத்தாவா இருக்கு. என்னன்னு பாருங்க.”

கதை இதுதான். அவரிடம் இருந்த அத்லான் எக்ஸ்பி 1800+ மிஷினின் போர்டு போய்விட்டது. கெப்பாசிட்டர்களின் தலை உப்பி, பழுப்பாக ஏதோ கசிந்திருந்தது. அந்தச் சில வருடங்களில் வந்த போர்டுகள் பலவற்றுக்கும் இதே கதிதான்; உலகம் முழுக்க மட்டமான கெப்பாசிட்டர் புழங்கிய காலம் அது. அண்ணாச்சி காத்திருக்கவில்லை. ராத்திரி பஸ் ஏறிக் கோயம்பேட்டில் இறங்கி, நேரே ரிச்சி தெருவுக்குப் போய்விட்டார்.

ரிச்சி தெருவை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. மவுண்ட் ரோட்டில் சிம்சனுக்கும் தேவி தியேட்டருக்கும் இடைப்பட்ட பகுதியில், கேசினோ தியேட்டர் பக்கமாக உள்ளே நுழைந்தால் வரும் சந்து அது. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று கிளை பிரிந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரிச்சி தெரு என்றுதான் பெயர். ரேடியோ வால்வு விற்ற காலத்திலிருந்து எலக்ட்ரானிக்ஸ் சரக்குக்குப் பேர் போன இடம். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் அங்கே போய் “ஒரு சிஸ்டம் போடணும்” என்றால் போதும். ஒரு கடையில் போர்டும் பக்கத்துக் கடையில் ராமும் மாடியிலிருந்து கேபினட்டும் பையன்கள் மூலம் வந்து சேரும். மூடி திறந்திருக்க, ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவதுபோல மாட்டி முடிப்பான். மானிட்டரில் எழுத்து வந்ததும் “டிஸ்பிளே வந்துருச்சு சார்” என்பான். அதோடு அவன் வேலை முடிந்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த கஸ்டமர் தோள் இடித்து நிற்கும் இடத்தில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

அண்ணாச்சி அங்கே வாங்கியது அத்லான் எக்ஸ்பி 2500+ பிராசஸர், வயா கேடி400 சிப்செட் போட்ட ஒரு போர்டு, 512 எம்பி டிடிஆர்400 ராம் ஒன்று. பழைய பிராசஸரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டார். பழைய 256 எம்பி ராமை மட்டும் கொடுக்கவில்லை. “போர்டு போனா என்ன, ராம் நல்லாத்தான இருக்கு” என்று அதையும் இரண்டாவது ஸ்லாட்டில் போடச் சொல்லியிருக்கிறார். வியாபாரி கணக்கு, 512ம் 256ம் சேர்ந்தால் 768. கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்.

டிசைனர் தம்பி உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். “அண்ணே, அன்ஷார்ப் மாஸ்க் போட்டா பழசுல எண்ணிக்கிட்டே இருப்பேன். இதுல எண்ணுறதையே நிறுத்திட்டேன்.”

மிஷினை ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடும் அந்த இரண்டு வினாடிக்குள் கீபோர்டில் பாஸ் பட்டனை அமுக்கினால் அப்படியே நிற்கும். அதை யாரும் படிப்பதில்லை. கம்ப்யூட்டர் தன்னைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்வது அந்த ஒரு இடத்தில்தான். அதில் 1100 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது.

2500+ என்று எழுதி விற்ற பிராசஸரின் உண்மையான வேகம் 2500 கிடையாது. அது ஏஎம்டி வைத்த மதிப்பெண். பென்டியம் 4இன் அந்த வேகத்துக்கு ஈடு என்று கடைக்காரர்கள் நமக்கு விளக்கம் சொல்வார்கள். சிப் உள்ளபடியே ஓட வேண்டியது 1833 மெகாஹெர்ட்ஸில். 1833 எப்படி வருகிறது? போர்டிலிருந்து ஒரு தாளம் வருகிறது, 166 மெகாஹெர்ட்ஸ். பிராசஸருக்குள் ஒரு பெருக்கல் எண் பொதிந்திருக்கிறது. இந்தச் சிப்பில் அது 11. பதினொன்றை 166ஆல் பெருக்கினால் 1833க்குப் பக்கத்தில் வரும். 166 என்று சொல்வது சுருக்கம். சரியாகச் சொன்னால் 166.67.

பதினொன்றை நூறால் பெருக்கினால் 1100. போர்டு நூறில் நின்றிருந்தது.

அது பழுதில்லை, போர்டு செய்தவர்களின் முன்ஜாக்கிரதை. அதே சாக்கெட்டில் 100இல் ஓடும் ட்யூரானும் உட்காரும், 133இல் ஓடும் பழைய அத்லான் எக்ஸ்பியும் உட்காரும், 166 சிப்பும் உட்காரும். எது வந்தாலும் முதலில் கண் விழிக்கட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போர்டை 100இல் வைத்து அனுப்புவார்கள். அந்தப் போர்டில் ஒரு சின்ன ஜம்பர் இருந்தது. பக்கத்திலேயே 100, 133, 166 என்று வெள்ளை மையில் அட்டவணை அச்சடித்திருந்தார்கள். அரிசியளவு எழுத்து. பழைய 1800+ ஓடியது 133ஐ 11.5ஆல் பெருக்கி, 1533இல். ஆக, கூடுதல் காசு கொடுத்து வாங்கிய சிப்பு பழையதைவிட 400 மெகாஹெர்ட்ஸ் குறைவாக ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸுக்குள் போய்ப் பார்த்தால் 2500+ என்ற பெயரே இல்லை. அந்தச் சிப்புக்குப் பெயர் வைப்பதும் போர்டுக்குள்ளேயே இருக்கும் பயாஸ் என்ற புரோகிராம்தான். ஓடுகிற வேகத்தைப் பார்த்துப் பெயர் வைக்கும்.

இதே கதையை வேறு உருவத்தில் நான் முன்பே பார்த்திருந்தேன். பென்டியம் III 800 என்று வாங்கினால் அதில் இரண்டு ஜாதி. 800ஈ என்றால் நூறின் மேல் எட்டு. 800ஈபி என்றால் 133இன் மேல் ஆறு. இரண்டுமே 800தான். ஆனால் ஈபி வாங்கியவர் வெளியே 133இல் பேசுகிறார், ஈ வாங்கியவர் 100இல் பேசுகிறார். வயா சிப்செட் போர்டுகளின் பயாஸில் டிராம் கிளாக் என்ற இடத்தில் ‘ஹெச்கிளாக் பிளஸ் 33’ என்று ஒரு தேர்வு இருக்கும். பிராசஸர் 100இல் ஓடினாலும் மெமரியை மட்டும் 33 கூட்டி 133இல் ஓட வைப்பது. சர்வீஸ்காரர்கள் பலர் அதைக் கண்டதும் போட்டுவிடுவார்கள். கூட்டல் குறியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

இதைவிடப் பெரிய கூத்து பென்டியம் 4. 2000 நவம்பரில் அது வந்தபோது ராம்பஸ் மெமரியோடு வந்தது. விலை யாருக்கும் கட்டவில்லை. 2001 செப்டம்பரில் இன்டெல் 845 சிப்செட்டை விட்டது. அதில் பழைய எஸ்டி ராமையே போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஊரில் ஒரு ஆஃப்செட் பிரஸ் முதலாளி அப்படி ஒன்றை வாங்கி, வாசலில் மாவிலை கட்டாத குறையாகக் கொண்டாடினார். அந்தப் பிராசஸரின் பஸ், அதாவது அது வெளியே பேசும் வழி, ஒரு துடிப்புக்கு நான்கு முறை பேசும். நூறு மெகாஹெர்ட்ஸ், நான்கு முறை, முறைக்கு 8 பைட். வினாடிக்கு 3,200 எம்பி வாங்கிக்கொள்ளத் தயாராக வாயைத் திறந்து நிற்கும். எதிரே இருந்த பிசி133 ராம் கொடுக்கக்கூடியது 133 பெருக்கல் 8, அதாவது 1,064. மூன்றில் ஒரு பங்கு. அவர் மிஷினில் கோரல் டிரா திறக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து பிரஸ்காரர், பென்டியம் 4 சரியில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். சிப்பு என்ன செய்யும் பாவம். சில மாதத்தில் டிடிஆர் போடும் 845 போர்டுகளும் வந்தன. ஆனால் சொல் போனது போனதுதான்.

அண்ணாச்சி மிஷினுக்கு வருகிறேன். கரன்ட்டை நிறுத்தி, ஜம்பரை 166க்கு மாற்றி, மறுபடி போட்டேன். 1833, பெயர் 2500+ என்று வந்தது. டிசைனர் ஒரு சாமியைத் திறந்து திருப்பினான். முகத்தில் வெளிச்சம். அண்ணாச்சி சட்டைப் பைக்குள் கை விட்டார். “கொஞ்சம் இருங்க அண்ணாச்சி, இன்னும் பாதி இருக்கு” என்றேன்.

மீதிப் பாதி அந்தப் பழைய 256 எம்பி ராம். அது பிசி2100 என்ற ரகம். இந்தப் பெயர்கள் பார்க்க மிரட்டலாக இருக்கும். உள்ளே இருப்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. 133 மெகாஹெர்ட்ஸ் தாளம், டிடிஆர் என்பதால் துடிப்புக்கு இரண்டு முறை, 266. முறைக்கு 8 பைட், 2,128, பூஜ்யத்தில் முடியட்டும் என்று 2100. அப்படியே 166க்கு 333, பிசி2700. 200க்கு 400, பிசி3200. ராமின் கறுப்புச் சிப்புகளில் இந்தப் பெயர் இருக்காது. நானோ செகண்ட் எழுதியிருக்கும். ஆயிரத்தை 133ஆல் வகுத்தால் 7.5. 166ஆல் வகுத்தால் 6. 200ஆல் வகுத்தால் 5. ராமின் மேல் லேபிள் உரிந்து போயிருந்தாலும் சிப்பின் கடைசி எழுத்துகளில் 75 என்று கண்டால் அது 133 சரக்கு.

ஒவ்வொரு ராமின் ஓரத்திலும் எஸ்பிடி என்று எறும்பளவு சிப் ஒன்று இருக்கும். நான் இந்த வேகம் தாங்குவேன் என்று அது போர்டிடம் சொல்லும். பயாஸில் மெமரி வேகத்தை எஸ்பிடி என்று விட்டுவைத்தால், இருக்கும் ராம்களில் எது மந்தமோ அதன் பேச்சைக் கேட்டுத்தான் போர்டு நடக்கும். புது ராம் 200 தாங்கும் சரக்கு, பழசு 133. ஆக இரண்டுமே 133இல் ஓடிக்கொண்டிருந்தன. பிராசஸர் 166இல், மெமரி 133இல்.

“அதனால என்ன, ரெண்டும் ஓடுதுல்ல?” என்றார் அண்ணாச்சி.

இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த மதினி தலையை நிமிர்த்தாமலேயே, “ஒரே உரல்ல ரெண்டு பேரு உலக்கை போடுற மாதிரிதான தம்பி?” என்றார். இதைவிடச் சரியாக எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இருவரும் ஒரே தாளத்தில் போட்டால் ஒருத்தி தூக்கும்போது மற்றவள் இறக்குவாள், இடைவெளியே இருக்காது. ஒருத்தி வேகமாகப் போட்டால் அவளுக்குத்தான் கஷ்டம். தூக்கிய உலக்கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு மற்றவள் எடுக்கும்வரை நிற்க வேண்டும். பிராசஸருக்கும் ராமுக்கும் நடுவே போர்டில் உட்கார்ந்திருக்கும் நார்த் பிரிட்ஜ் என்ற சிப்தான் அந்த உரல். இரண்டு பக்கமும் ஒரே கிளாக் என்றால் வந்த தகவலை வந்த துடிப்பிலேயே கைமாற்றும். கிளாக் வேறு என்றால் வாங்கி ஒரு இடத்தில் வைத்து, அடுத்த பக்கத்துத் துடிப்பு வரும்வரை காத்திருந்து கொடுக்கும். ஒவ்வொரு முறையும் அந்தச் சின்னக் காத்திருப்பு. கோடிக்கணக்கான புள்ளிகளைப் புரட்டும்போது அது சின்னதாக இருக்காது.

வழிகள் மூன்று இருந்தன. இரண்டையும் 133இல் ஒன்றாக ஓட்டலாம். தாளம் சேரும், ஆனால் பதினொன்றை 133ஆல் பெருக்கினால் 1466. பழைய 1800+ஐ விடவும் குறைவு. பிராசஸரை 166இலும் மெமரியை 133இலும் விட்டுவைக்கலாம். 768 எம்பி முழுதாகக் கிடைக்கும், உலக்கை இடிபடும். பழைய 256ஐக் கழற்றிவிட்டு 512ஐ மட்டும் 166இல் ஓட்டலாம். தாளம் சேரும், இடம் குறையும். விளையாட்டுக்கான மிஷின் என்றால் யோசிக்காமல் மூன்றாவதைச் சொல்லியிருப்பேன். காலண்டர் மிஷினில் அப்படிச் சொல்ல முடியாது. ராமில் இடம் போதாமல் ஹார்ட் டிஸ்க்குக்குப் போனால், அங்கே ஆகும் தாமதத்துக்கு முன் இந்த 166, 133 வித்தியாசமெல்லாம் தூசு.

டிசைனர் நான்காவது வழி ஒன்று சொன்னான். “பழைய ராமையும் 166ல ஓட்டிப் பாத்தா என்னண்ணே? சில பீஸ் தாங்கும்னு சொல்றாங்களே.” அவன் சொன்னது பொய்யில்லை. 133 என்று முத்திரை குத்திய சரக்கில் கொஞ்சம் மேலே தாங்குபவை உண்டு. தாங்குகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி இருந்தது. மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராம் ஒரே ஃப்ளாப்பியில் அடங்கும். விண்டோஸ் இல்லாமலே ஓடும். மெமரியின் ஒவ்வொரு அறையிலும் ஒன்றை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதுதான் வந்ததா என்று பார்க்கும். மூலை முடுக்கெல்லாம் வேறு வேறு விதமாக எழுதிப் பார்க்கும். ராத்திரி ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் நீலத் திரையில் சிவப்புக் கோடுகள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் பழைய ராமின் முகவரிகள்.

“இத்தனை கோடியில நாலஞ்சு தப்புதான அண்ணே” என்றான் டிசைனர். தப்பு விழும் இடத்தைப் பொறுத்தது. மயிலின் இறகில் ஒரு புள்ளி நிறம் மாறினால் கடவுளுக்கே தெரியாது. ஃபைலின் தலைப்பகுதியில் விழுந்தால் ஃபைல் திறக்காது. சுருக்கிச் சேமித்த படத்தின் நடுவே விழுந்தால் அந்த இடத்துக்குக் கீழே முருகன் பட்டை பட்டையாகக் கிழிந்து நிற்பார். அதைவிட மோசம், எதுவும் கிழியாமல் சேமித்து, பிளேட் போட்டு, தாள் அச்சாகி வந்த பிறகு தெரிவது. அண்ணாச்சிக்கு இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் போதுமாக இருந்தது. “அதைக் கழத்துங்க முதல்ல” என்றார்.

256 எக்ஸ்சேஞ்சில் போயிற்று. அடுத்த முறை மெட்ராஸ் போனவரிடம் சொல்லி இன்னொரு 512 வாங்கி வரச் சொன்னோம். டிடிஆர்333 என்று கேட்டோம், வந்தது 400. பரவாயில்லை. வேகமான ராம் மெதுவாக ஓடச் சம்மதிக்கும். மெதுவானது வேகமாக ஓடத்தான் அடம்பிடிக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு ஜிபி. பயாஸில் மெமரி கிளாக்கை எஸ்பிடியிலிருந்து எடுத்து, பிராசஸர் எதில் ஓடுகிறதோ அதிலேயே ஓடு என்று வைத்தேன். இரண்டு பக்கமும் 166. பஸ் ஏற்பது வினாடிக்குக் கிட்டத்தட்ட 2,700 எம்பி. ராம் தருவதும் அதே.

இங்கே டிசைனருக்கு ஒரு மனக்குறை. “400 ராம் வாங்கிட்டு 333ல ஓட்டுறோம். போர்டு பேரே கேடி400. காசு வீணில்லையா?” நியாயமான கேள்வி. 400இல் வைத்தே ஓட்டிக் காட்டினேன். பிராசஸர் 166, மெமரி 200. அதே படம், அதே அன்ஷார்ப் மாஸ்க். 333இல் முடிந்ததைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் முடிந்தது. அவன் நம்பவில்லை, கடிகாரத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். ராம் வினாடிக்கு 3,200 கொண்டுவந்து கொட்டினாலும் பிராசஸரின் வாசல் 2,700தான். அதிகப்படி எங்கும் போகாது. தாளம் கெட்டதுதான் மிச்சம். போர்டின் பெயரில் இருந்த 400ஐ நம்பிப் பலர் ராம் வாங்கினார்கள். 2002இல் அந்தச் சிப்செட் வந்தபோது வயாவே டிடிஆர்400க்கு அதிகாரபூர்வமாகப் பொறுப்பேற்கவில்லை. அடுத்த வருடம் கேடி400ஏ என்று ஒன்று விட்ட பிறகுதான் ஏற்றார்கள்.

அதோடு விடுவானா? பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தான். “அண்ணே, 2500+ம் 3200+ம் ஒரே சிப்பாம். ரெண்டுக்கும் பதினொண்ணுதான். இதை 200க்கு மாத்துனா 2200 வந்துரும். அதுதான் 3200+. சும்மாவே கிடைக்கும்.”

அவன் சொன்னது முழுக்க உண்மை. பார்ட்டன் என்று பெயரிட்ட அந்தச் சிப்பை ஏஎம்டி 166க்கு 2500+ என்றும் 200க்கு 3200+ என்றும் விற்றது. உள்ளே 512 கேபி கேஷ், வோல்டேஜ் 1.65, பெருக்கல் 11, எல்லாம் ஒன்றுதான். உலகம் முழுக்கப் பையன்கள் அப்போது இந்த வித்தையைச் செய்துகொண்டிருந்தார்கள். நம் 400 ராமும் அந்த நாளுக்காகவே வாங்கியதுபோல 200க்குப் பொருந்தும். அந்த மிஷினில் பார்க்க எனக்கும் ஆசைதான்.

தடுத்தது அந்தப் போர்டு. பிசிஐ ஸ்லாட்டுகளும் ஹார்ட் டிஸ்க் கண்ட்ரோலரும் 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியவை. பஸ்ஸின் தாளத்தை வகுத்துத்தான் அந்த 33 வருகிறது. நூறை மூன்றால், 133ஐ நான்கால், 166ஐ ஐந்தால். 200 வைத்தால் ஆறால் வகுக்க வேண்டும். அந்தப் போர்டில் ஐந்தோடு சரி. 200ஐ ஐந்தால் வகுத்தால் 40. ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் வழியே ஐந்தில் ஒரு பங்கு தறிகெட்டு ஓடும். சில டிஸ்க் தாங்கும், சில டிஸ்க் கொஞ்ச நாள் தாங்குவதுபோல நடித்துவிட்டு ஃபைல்களைத் தின்னும். வைகாசி வெயிலில் அந்த அறையில் ஏசியும் கிடையாது. டிசைனரிடம் இதையெல்லாம் சொன்னபோது ஆடி முடியட்டும் என்றான். ஆடி முடிந்து கேம்ஸுக்காக ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தானோ என்னவோ, நான் கேட்கவில்லை.

அந்த வருடம் முழுக்க எங்கே போனாலும் முதல் வேலையாகப் பாஸ் பட்டனை அமுக்குவது எனக்கு வழக்கமாகிவிட்டது. பிரிண்டருக்காகக் கூப்பிட்டிருப்பார்கள், நான் மிஷினை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருப்பேன். ஒரு பள்ளிக்கூடத்து லேப், ஒரு தீப்பெட்டி ஆபீஸ், இரண்டு ஸ்டூடியோ என்று, பெட்டியில் எழுதிய வேகம் ஒன்றும் ஓடும் வேகம் ஒன்றுமாக நின்ற மிஷின்கள் எத்தனையோ. அவற்றில் சில வருடக்கணக்கில் அப்படியே ஓடியவை. செத்துப் போன மதர்போர்டு பேட்டரியை மாற்றியவர் பயாஸைப் பார்க்காமல் மூடியிருப்பார். அன்றிலிருந்து அது நூறில் கிடக்கும். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டைப் அடிப்பதற்கும் டேலிக்கும் 1100 தாராளம். வேகம் குறைந்தால் மிஷினில் வைரஸ் என்பார்கள். வைரஸ் இல்லை என்றால் வயசாகிவிட்டது என்பார்கள். உண்மையில் ஐந்து பைசா ஜம்பரிலோ பயாஸின் ஒரு வரியிலோ ஒளிந்திருக்கும் 700 மெகாஹெர்ட்ஸ். அதை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கூலி கேட்கும்போதுதான் சங்கடம். “ஒரு பொருளும் மாத்தலையே தம்பி” என்பார்கள். பொருள் மாற்றினால் காசு கொடுக்கும் மனசு, பெருக்கல் செய்தால் கொடுக்காது.

பிராசஸருக்குள்ளேயே மெமரி கண்ட்ரோலரைக் கொண்டுபோய் வைத்த பிறகு நார்த் பிரிட்ஜ் மறைந்தது. ஜம்பர்களும் போயின. இந்தத் தொல்லை ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். சில வருடம் முன்பு அக்கா மகன் சென்னையில் ரைஸன் 5 5600 வைத்து மிஷின் போட்டான். 3200 என்று எழுதிய டிடிஆர்4 ராம். போன இடத்தில் பழக்க தோஷத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தில் வேகத்தைப் பார்த்தேன். 2133. பயாஸில் எக்ஸ்எம்பியைப் போடாமல் விட்டால் ராம் தன் அடிப்படை வேகத்தில்தான் ஓடும்; அட்டையில் எழுதிய எண் நாம் போய்க் கேட்டால்தான் கிடைக்கும். போட்டுக் கொடுத்தேன்.

பிறகு ராமை மாற்றப் போகிறேன் என்று போன் செய்தான். 4000 கிட் ஒன்று பார்த்து வைத்திருந்தான்.

“3600 வாங்குடா.”

“400 அதிகம் மாமா அது. விலையும் ரொம்ப வித்தியாசம் இல்ல.”

அவன் சிப்பில் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்று உள்வழி ஒன்று இருக்கிறது. 3600 ராமின் உண்மைத் தாளம் 1800. அந்த உள்வழியும் 1800 சுகமாகத் தாங்கும். ஒன்றுக்கு ஒன்று. 4000 என்றால் 2000 வேண்டும். அந்தத் தலைமுறைச் சிப்புகளில் பெரும்பாலானவை அதை எட்டுவதில்லை. எட்டாதபோது மெமரி கண்ட்ரோலர் பாதித் தாளத்துக்கு இறங்கிக்கொள்ளும். இதை அவனுக்குப் போனிலேயே சொன்னேன். முழுக்கக் கேட்டானா தெரியாது, 3600தான் வாங்கினான். மிச்சப் பணத்துக்கு விளக்கு எரியும் ஃபேன் மூன்று வாங்கி மாட்டி, படம் எடுத்து அனுப்பினான்.